கெண்டைக்காலில் இழுப்பு, இரண்டு நாளில் கன்றல்: இரத்தம் எங்கிருந்து வருகிறது?

நள்ளிரவில் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இறுகி, பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்து, எழுந்து உட்காரவும் முடியாமல் ஒருவரைத் துடிக்கவைக்கும் அந்தச் சில நிமிடங்களை அனுபவிக்காதவர்கள் குறைவு. வலி விட்டதும் தூங்கிவிடுகிறோம். காலையில் சதை சற்றுத் தொட்டால் வலிக்கும், அதுவும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். ஆனால் சிலருக்கு வலி குறைந்துவரும் வேளையில், கெண்டைக்காலின் உட்புறத்திலோ கணுக்காலுக்குச் சற்று மேலேயோ நீலமும் கறுப்புமாக ஒரு திட்டு தோன்றுகிறது. எங்கும் அடிபடவில்லை, விழவில்லை, பிறகு இந்த இரத்தக்கட்டு எப்படி வந்தது என்ற கேள்வியும் அதோடு வருகிறது.

சாதாரணத் தசைப்பிடிப்பு கன்றலை உண்டாக்குவதில்லை என்பதிலிருந்தே இதற்கான விடையைத் தேட வேண்டும். எத்தனை கடுமையாக இழுத்தாலும், பெரும்பாலானோருக்குத் தோலின் நிறம் மாறுவதில்லை. ஆகவே நிறம் மாறியிருந்தால், பிடிப்போடு கூடவே வேறொன்றும் நடந்திருக்கிறது. ஏதோ ஓரிடத்தில் தசை கிழிந்திருக்கலாம்; வெளியிலிருந்து அழுத்தம் பட்டிருக்கலாம்; இரத்தம் எளிதில் கசியும் நிலையில் உடல் இருந்திருக்கலாம்; அல்லது நாம் பிடிப்பு என்று நினைத்தது பிடிப்பே இல்லாமல் இருந்திருக்கலாம். இந்த நான்கும் தோலின்மேல் ஏறக்குறைய ஒரே தோற்றத்தைத் தருகின்றன. செய்ய வேண்டியவையோ ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

இந்தக் குழப்பத்தில் நம் சொற்களுக்கும் பங்கு உண்டு. தசை இறுகுவதை ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்கிறோம். இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயான சிரை புடைத்தால் அதை ‘நரம்புச் சுருட்டல்’ என்கிறோம். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணையும் நரம்பு என்றே சுட்டுகிறோம். சுருண்ட ஒன்றை நீவி நேராக்க வேண்டும் என்று கை தானாகவே போவதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதைவிடச் சிக்கலானது ‘இரத்தம் கட்டிக்கொண்டது’ என்ற தொடர். தோலுக்கடியில் கன்றிப்போனாலும் அதைச் சொல்கிறோம், இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் அதையே சொல்கிறோம். முதலாவதில் இரத்தம் குழாயை விட்டு வெளியேறிவிட்டது. இரண்டாவதில் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. முன்னதற்குக் கசிவை நிறுத்த வேண்டும், பின்னதற்கு இரத்தம் மேலும் உறையாமல் தடுக்க வேண்டும். ஒரே தொடரால் இரண்டையும் விவரிக்கும்போது, கேட்கும் மருத்துவரும் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

கெண்டைக்காலின் அமைப்பைப் பார்த்தால் கிழிசல் எப்படி நேர்கிறது என்பது விளங்கும். அங்கே மேலாக இருப்பது இரண்டு தலைகள் கொண்ட காஸ்ட்ரோக்னீமியஸ் என்னும் தசை. அதற்கு அடியில் சோலியஸ் என்னும் தட்டையான தசை. இரண்டும் கீழே ஒன்றுகூடிக் குதிகால் நாணாக முடிகின்றன. மேல்தசை முழங்கால், கணுக்கால் ஆகிய இரண்டு மூட்டுகளையும் கடந்து செல்வதால், முழங்கால் நீண்டிருக்கும்போதே பாதமும் மேல்நோக்கி மடங்கினால் அது இரு முனைகளிலும் இழுபடும். தூக்கத்தில் நம் பாதம் இயல்பாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் இத்தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் கிடக்கிறது. அந்நிலையில் நரம்பிலிருந்து ஒழுங்கில்லாத தூண்டல்கள் தொடர்ந்து வந்தால், தசை மேலும் சுருங்கி விடாப்பிடியாக நின்றுவிடுகிறது. இதுவே பிடிப்பு. சில நொடிகளிலிருந்து ஏறக்குறைய பத்து நிமிடம்வரை அது நீடிக்கலாம்.

சுருங்குவதால் மட்டும் தசை கிழிவது அரிது. சுருங்கிக்கொண்டிருக்கும் தசையை, அது சுருங்கும் திசைக்கு எதிராக வேகமாக நீட்டும்போதுதான் இழைகள் அறுகின்றன. அந்த நேரத்தில் தசைக்குள் எழும் விசை, அது வெறுமனே இறுகி நிற்கும்போது எழுவதைவிட அதிகம். வலி தாளாமல் படுக்கையிலிருந்து குதித்து எழுந்து, உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் திடீரெனப் போடுகிறோம், அல்லது வீட்டில் ஒருவர் பதற்றத்தில் பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று மடக்குகிறார். இறுகிய தசை அப்போது ஒரே நொடியில் நீட்டப்படுகிறது. மேல்தசையின் உட்புறத் தலை, நாணோடு சேரும் விளிம்பில்தான் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறது. இக்காயத்தை 1883ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் விவரித்திருக்கிறார்கள். டென்னிஸ் ஆடுபவர்களிடம் கண்டதால் ‘டென்னிஸ் லெக்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் மட்டையைக் கையில் தொடாதவர்களுக்கும் இது வரும். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல் இருந்தது, ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்று காயமுற்றவர்கள் சொல்வது வழக்கம். நடுத்தர வயதினருக்கே இது மிகுதி. இரவுப் பிடிப்பின்போது கிழிந்தால் இந்தத் தனி வலி, பிடிப்பின் வலிக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. அதனால்தான் காரணமில்லாமல் கன்றல் வந்ததாகத் தோன்றுகிறது.

கிழிசலின் அளவு ஒரே மாதிரி இருப்பதில்லை. சில இழைகள் மட்டும் அறுந்திருந்தால் ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறிவிடும். தசையின் ஒரு பகுதி கிழிந்திருந்தால் நான்கு முதல் எட்டு வாரங்கள் தேவைப்படலாம். முழுவதும் அறுந்தால் மாதக்கணக்கு. நுனிக்காலில் நிற்கவே முடியவில்லை, அல்லது குதிகாலுக்குச் சற்று மேலே நாணில் பள்ளம்போல் விரலுக்குத் தட்டுப்படுகிறது என்றால் குதிகால் நாணே அறுந்திருக்கக்கூடும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

தசை இழைகளுக்கிடையே மயிரிழையினும் மெல்லிய இரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. இழைகள் அறும்போது அவையும் அறுகின்றன. வெளியேறிய இரத்தம் உடனே தோலுக்கு வருவதில்லை. தசையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே தேங்கி, புவியீர்ப்பால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஆகவே கிழிந்தது கெண்டைக்காலின் நடுவில் என்றாலும், நீலத்திட்டு ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்துக் கணுக்கால் எலும்பைச் சுற்றியோ பாதத்தின் ஓரத்திலோ தலைகாட்டலாம். வலித்த இடம் ஒன்று, கன்றிய இடம் வேறொன்று, இடையில் இரண்டு நாள் என்பதால் இரண்டையும் பலர் தொடர்புபடுத்துவதே இல்லை. கன்றல் கீழே இறங்குவதைக் கண்டு காயம் பரவுகிறது என்று அஞ்சுபவர்களும் உண்டு. வலியும் வீக்கமும் குறைந்துகொண்டே வந்தால், இறங்குவது பழைய இரத்தம்தான்.

அதன் நிறமாற்றமும் ஒரு கணக்குப்படியே நடக்கிறது. முதலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும் திட்டு, ஆக்சிஜன் இழந்து நீலமும் கறுப்புமாகிறது. பிறகு, சுத்திகரிக்கும் வெள்ளணுக்கள் வந்து ஹீமோகுளோபினைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அந்தச் சிதைவில் முதலில் உண்டாகும் பிலிவெர்டின் பச்சை நிறம் தருகிறது. அது பிலிரூபினாக மாறும்போது மஞ்சள். எஞ்சும் இரும்பு ஹீமோசிடெரின் என்ற பழுப்புப் பொருளாகச் சில காலம் தங்குகிறது. மஞ்சள் தோன்ற ஏறத்தாழ ஒரு நாளாவது ஆகும் என்பதால், இப்போதுதான் கண்ணில் பட்ட திட்டின் ஓரம் ஏற்கெனவே மஞ்சளாக இருந்தால் இரத்தம் நேற்றோ அதற்கு முன்போ கசிந்தது என்று கொள்ளலாம். இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். காலில் முகத்தைவிடத் தாமதமாகும்.

இந்த நிறங்களெல்லாம் வெளிறிய தோலை வைத்தே பாடநூல்களில் விவரிக்கப்பட்டிருக்கின்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கருமையான தோலில் நீலமும் பச்சையும் தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருத்த, மினுமினுப்பான ஒரு பகுதியாக மட்டுமே இருக்கும். அங்கே கண்ணைவிடக் கைதான் உதவும்: மற்றக் காலோடு ஒப்பிட்டு வீக்கம், சூடு, கடினம், தொட்டால் வலி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கன்றல் தெரியவில்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இனி, கைகளால் வருவது. பிடிப்பு வந்ததும் கட்டைவிரலால் சதையை ஆழமாக அழுத்தி நீவுவது இயல்பான செயல்; அந்த வலியில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. மறுநாள் தெரியும் திட்டுகள் சிறிதாக, வட்டமாக, விரல் பதிந்த இடங்களில் மட்டும் இருந்தால் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இருட்டில் தடுமாறி எழுந்து கட்டிலின் விளிம்பில் இடித்துக்கொண்டதும் அந்த வலியின் நடுவே நினைவில் நிற்காது.

அதே அழுத்தம் ஒருவருக்குத் தடமின்றிப் போக, இன்னொருவருக்குப் பெரிய கன்றலாகிறது என்றால் வேறுபாடு இரத்தத்திலோ தோலிலோ இருக்கிறது. வயது கூடும்போது தோலும் அதைத் தாங்கும் கொல்லாஜன் என்னும் புரதமும் மெலிகின்றன. நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்களுக்கும் அவ்வாறே. இதய நோய்க்காக ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் போன்றவை எடுத்துக்கொள்பவர்களுக்குச் சிறு கிழிசலும் பெருங்கசிவாகும். ஆஸ்பிரினின் விளைவு அதை நிறுத்திய பின்னும், அதனால் பாதிக்கப்பட்ட தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) மறையும்வரை, அதாவது ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் நீடிக்கும். ஆனால் கன்றலைக் கண்டு இம்மருந்துகளைத் தாமாகவே நிறுத்துவது மிகப்பெரிய ஆபத்து. அடைப்பைத் தடுக்கத் தரப்பட்ட மருந்து நின்றால் அந்த அடைப்பே வந்துவிடலாம். மருத்துவரிடம் சொல்லி அவர் முடிவுக்கு விட வேண்டும்.

மருந்துகளில் ஒன்றைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கான குவினைன், பல பத்தாண்டுகளாக இரவு நேரக் கால்பிடிப்புக்கும் தரப்பட்டுவந்தது. பிடிப்புகளின் எண்ணிக்கையை அது ஓரளவு குறைக்கவும் செய்கிறது. ஆனால் சிலருடைய உடலில், குவினைன் இருக்கும்போது மட்டும் தட்டணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. இயல்பாக ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் சில நாட்களில் அபாயகரமான அளவுக்குச் சரிந்து, கால்களில் ஊசிமுனை போன்ற செம்புள்ளிகளும் பெரிய கன்றல்களும் தோன்றுகின்றன. ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசிகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல், அனுமதி பெறாத குவினைன் தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து விலக்க ஆணையிட்டது. 2010இல், கால்பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மீண்டும் எச்சரித்தது. கசப்புச் சுவைக்காகச் சிறிதளவு குவினைன் சேர்க்கப்படும் டானிக் வாட்டர் என்னும் பானத்தாலும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இவ்விளைவு நேர்ந்ததுண்டு. பிடிப்புக்கு எடுத்த மருந்தே கன்றலுக்குக் காரணமாகும் இந்தத் தொடர்பு எளிதில் கண்ணில் படாது. ‘பிடிப்புக்கு என்ன எடுத்துக்கொள்கிறீர்கள்?’ என்று கேட்டால்தான் வெளியே வரும்.

பிடிப்பையும் கன்றலையும் ஒருசேரக் கொண்டுவரும் நோய்களும் இருக்கின்றன. கல்லீரல் சுருங்கும் நோயில் தசைப்பிடிப்பு மிகச் சாதாரணம். இரத்தம் உறைவதற்கான பொருள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிப்பதாலும், வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்வதாலும் கன்றலும் எளிதில் வரும். சிறுநீரகச் செயலிழப்பிலும் இவ்விரண்டும் சேர்ந்து வரும். தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படியே. உணவில் வைட்டமின் சி நீண்ட காலம் இல்லாமற்போனால், கால்வலியும் மயிர்க்கால்களைச் சுற்றி இரத்தப்புள்ளிகளும் கால் தசைகளுக்குள் கசிவும் உண்டாகும். இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா போன்ற குறைபாட்டில் நிகழ்வின் வரிசையே தலைகீழாகிவிடுகிறது: முதலில் தசைக்குள் இரத்தம் கசிகிறது, அந்த எரிச்சலால் தசை இறுகுகிறது, நோயாளியோ பிடிப்புதான் முதலில் வந்தது என்று உணர்கிறார். ஆகவே உடலின் பல இடங்களில் காரணமின்றிக் கன்றல், ஈறிலிருந்து இரத்தம், அழுத்தினாலும் வெளுக்காத செம்புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் தட்டணு எண்ணிக்கை, இரத்தம் உறையும் நேரம், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைச் செய்துகொள்வதே முறை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, பிடிப்பு என்று தவறாக எண்ணப்படும் ஆழ்சிரை இரத்த உறைவு. கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் சிரைக்குள் இரத்தம் உறைந்தால், விடாத பிடிப்பைப்போன்ற வலி வருகிறது. கால் வீங்கி, சூடாகி, சிவப்போ ஊதாவோ படர்கிறது. உண்மையான பிடிப்பு வந்து விட்டுவிடும். உறைவின் வலி நாள்கணக்கில் நிற்கும், பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் இருக்கும். அறுவைச் சிகிச்சை, நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்த பயணம், படுக்கையில் கிடந்த நாட்கள், கர்ப்பகாலம், பிரசவத்துக்குப் பின்னான வாரங்கள், ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள், புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று பின்னணியில் இருந்தால் ஐயம் வலுக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரு கால்களையும் நாடாவால் அளந்து, வேறுபாடு 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் அதை ஒரு முக்கியக் குறியாகக் கொள்கிறார்கள். இந்நிலையில் காலை அழுத்தி நீவினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் என்று அது வெளிப்பட்டால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். தசைக் கிழிசலை உறைவு என்று எண்ணி இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தொடங்கினால், தசைக்குள் கசிவு பெருகும். முழங்காலுக்குப் பின்புறம் நீர் சேர்ந்த ‘பேக்கர் சிஸ்ட்’ என்னும் பை உடைந்தாலும் கெண்டைக்கால் வீங்கி, உள் கணுக்கால் எலும்பின் கீழே பிறைவடிவில் கன்றல் தெரியும்; முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது நேரும். டி-டைமர் என்ற இரத்தச் சோதனை உறைவில் உயரும், ஆனால் பெரிய கன்றலிலும் உயரும். அதனால் அது இயல்பாக இருப்பது நிம்மதி தரலாம், உயர்ந்திருப்பது மட்டும் எதையும் உறுதிசெய்யாது. பாதத்தை மேலே மடக்கினால் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையும் கிழிசலுக்கும் உறைவுக்கும் ஒரே விடையையே தரும். ஒலியலைகளால் உள்ளுறுப்புகளையும் இரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் ஒன்றே சிரை, தசை, நீர்ப்பை மூன்றையும் வலியின்றி ஒரே அமர்வில் காட்டிவிடும்.

அவசரம் என்று சொல்லத்தக்க இன்னொரு நிலை உண்டு. கசிந்த இரத்தம் தசை உறைக்குள் அடைபட்டு அழுத்தம் ஏறினால், காயத்துக்குப் பொருந்தாத கொடும் வலி, பாதத்தை யாராவது மெல்ல அசைத்தாலே தாங்கமுடியாத வேதனை, பலகைபோல் இறுகிய சதை, விரல்களில் மரப்பு ஆகியவை வரும். சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும் என்பதால் இதற்கு அறுவைச் சிகிச்சையே வழி.

இவ்வகை ஆபத்துக்குறிகள் இல்லாமல், கிழிசலால் வந்த சாதாரணக் கன்றலென்றால் முதல் இரண்டு நாட்கள் காலுக்கு ஓய்வு கொடுத்து, இதயத்தைவிட உயரமாக வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிட அளவில் சில மணிக்கொருமுறை வைத்து, இழுத்தால் நீளும் கட்டுத்துணியை (எலாஸ்டிக் பேண்டேஜ்) இறுக்கமில்லாமல் சுற்றினால் போதும். வலிக்குப் பாரசிட்டமால் தகும். வெந்நீர் ஒத்தடம், சூடு தரும் தைலம், நீவுதல் மூன்றும் இந்த நாட்களில் கசிவைக் கூட்டும். இரத்தம் தேங்கிய தசையைக் கடுமையாக நீவினால் பின்னாளில் அங்கே எலும்புபோல் கெட்டிப்படவும் இடமுண்டு. செருப்புக்குள் குதிகாலைச் சற்றே உயர்த்தும் திண்டு வைத்தால் நடக்கும்போது தசை இழுபடுவது குறையும்.

மீண்டும் பிடிப்பு வந்தால் குதிக்க வேண்டாம். உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி, பாதவிரல்களைத் தன்பக்கம் மெதுவாக, சதை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்திருந்தால் போதும், அவசரம்தான் கிழிக்கிறது. தடுப்பைப் பொறுத்தவரை, மெக்னீசியம் மாத்திரை முதியவர்களின் பிடிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பின் முடிவு. அதற்கு மாறாக, 55 வயதைக் கடந்தவர்களிடம் நெதர்லாந்தில் நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரம் படுக்கப்போகும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு இரவுப் பிடிப்பு குறைந்தது. சுவரில் கையூன்றி, குதிகால் தரையில் பதிய நின்று, உடலை முன்சாய்த்துச் செய்யும் எளிய நீட்டல் இதற்குப் போதும். கன்றிய காலில் மட்டும், திட்டு மஞ்சளாகி மங்கி, வலியில்லாமல் நுனிக்காலில் எழும்ப முடிகிறவரை அதைத் தொடங்காமல் மற்றக் காலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.